கரிசலும் செம்மண்ணும் உள்ள இடத்தில் எந்தத் தாவரக் குறியீடு?

ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்து, வானம் வெளுத்த முதல் நாள் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மானாவாரி நிலங்கள் திடீரென்று பசுமை கூடித் தெரியும். விதைத்து மூன்று வாரமே ஆன உளுந்து அந்த இரண்டு மூன்று நாளில் அவ்வளவு வளர்ந்திருக்காது. கரிசல் நனைந்து இன்னும் கறுத்திருக்கும். படத்திலிருந்து பசுமையைக் கணக்கிட்டுச் சொல்லும் தாவரக் குறியீட்டின் எண் ஏறியதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மண் காய்ந்ததும் எண் தானாக இறங்கும். அப்போது "பயிர் வாடுகிறது" என்று ஓர் அறிக்கை போகும். ஏறியதும் பொய், இறங்கியதும் பொய்.

மண்ணின் குறுக்கீட்டைக் குறைப்பதற்கென்றே அரை டஜன் தாவரக் குறியீடுகள் இருக்கின்றன. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பொதுவாகப் பேசினால் முடிவுக்கு வர முடியாது. ஆகவே ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே கரிசல். தெற்கே சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் செம்மண்ணும் தேரி மணலும். இரண்டு வகை மண்ணிலும் உறுப்பினர்கள் உள்ள ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எல்லா நிலங்களையும் ஒரே வரைபடத்தில் பார்க்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 தரும் இலவசப் படங்கள். சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியும் 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கின்றன. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் பார்க்கின்றன.

முதலில் எல்லோரும் எடுப்பது என்டிவிஐ என்ற பழைய, எளிய தாவரக் குறியீடு. முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோள் 1972-இல் ஏவப்பட்ட பிறகு, அமெரிக்காவின் பெருஞ்சமவெளிப் புல்வெளிகளை ஆராய்ந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழு ஒன்றின் வேலையால் பரவியது. அண்மை அகச்சிவப்பின் எதிரொளிப்பை (பட்ட ஒளியில் திரும்பி வரும் பங்கை) 'அ' என்றும் சிவப்பினுடையதை 'சி' என்றும் குறித்தால், சூத்திரம் (அ − சி) ÷ (அ + சி). இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அண்மை அகச்சிவப்பில் ஏறக்குறையப் பாதியைத் திருப்பி அனுப்பும், மீதியில் பெரும்பகுதியைத் தன் ஊடாகக் கீழே விட்டுவிடும். கீழே போன ஒளி மண்ணில் பட்டு மறுபடி மேலே வருகிறது. பயிர் நிலத்தை மூடாத வரை செயற்கைக்கோள் பார்ப்பதில் மண் ஒரு பங்குதாரர்தான். வகுக்கும் எண்ணான (அ + சி) கறுத்த மண்ணில் சிறியதாகவும் வெளிறிய மண்ணில் பெரியதாகவும் இருப்பதால், ஒரே அளவு இலை கரிசலில் கூடுதல் பசுமையாகவும் செம்மண்ணில் குறைந்த பசுமையாகவும் தெரிகிறது.

எவ்வளவு வித்தியாசம் என்பதைக் கணக்கில் பார்க்கலாம். கீழே உள்ளவை வயலில் அளந்தவை அல்ல, விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எதிரொளிப்புகள்: காய்ந்த கரிசலுக்குச் சிவப்பு 0.08, அண்மை அகச்சிவப்பு 0.11; நனைந்த கரிசலுக்கு 0.05, 0.07, காய்ந்த செம்மண்ணுக்கு 0.20, 0.28, முழுதாக மூடிய பயிருக்கு 0.04, 0.45. இலை 30 விழுக்காடு நிலத்தை மூடியிருக்கிறது என்று கொண்டு மண்ணையும் பயிரையும் நேர்விகிதத்தில் கலந்திருக்கிறேன். என்டிவிஐக்கு அடுத்த நான்கு பத்திகளும் மண்ணின் குறுக்கீட்டைக் குறைக்கும் குறியீடுகள்; அவற்றை ஒவ்வொன்றாகக் கீழே பார்ப்போம்.

| நிலை | என்டிவிஐ | சேவி | ஓசேவி | எம்சேவி | ஈவிஐ-2 |
|---|---|---|---|---|---|
| வெறும் கரிசல், காய்ந்தது | 0.16 | 0.07 | 0.09 | 0.05 | 0.06 |
| வெறும் செம்மண், காய்ந்தது | 0.17 | 0.12 | 0.13 | 0.11 | 0.11 |
| 30% பயிர், காய்ந்த கரிசல் | 0.51 | 0.28 | 0.33 | 0.24 | 0.26 |
| 30% பயிர், நனைந்த கரிசல் | 0.59 | 0.28 | 0.35 | 0.24 | 0.26 |
| 30% பயிர், காய்ந்த செம்மண் | 0.37 | 0.27 | 0.28 | 0.25 | 0.26 |

கடைசி மூன்று வரிகளிலும் இலையின் அளவு ஒன்றே. என்டிவிஐ மட்டும் 0.37 முதல் 0.59 வரை அலைகிறது. இந்த எண்களை வைத்துச் சாத்தான்குளத்துக்காரரிடம் "உங்கள் பயிர் விளாத்திகுளத்தைவிடப் பின்தங்கியிருக்கிறது" என்று சொன்னால், அவர் நம்மை வயலுக்குள் விடாமல் இருப்பதே நியாயம்.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர் அரிசோனாவின் ஆல்ஃபிரடோ ஹூயெட். அவரும் சக ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பருத்திப் பயிரின் அடியில் நான்கு வகை மண்ணை மாற்றி மாற்றி வைத்து ஒளியை அளந்தார்கள். பயிர் அப்படியே இருக்க, மண்ணை மட்டும் மாற்றுவது என்பது எளிமையான யோசனை. அதன் பலன் பெரியது. 1988-இல் ஹூயெட் வெளியிட்டதுதான் சேவி, அதாவது மண் சரிக்கட்டிய தாவரக் குறியீடு. சூத்திரம்: (1 + எல்) × (அ − சி) ÷ (அ + சி + எல்). இந்த 'எல்' என்ற எண்ணுக்கு அவர் பரிந்துரைத்த பொது மதிப்பு 0.5. பயிர் மிக அடர்த்தி குறைந்திருந்தால் 1, மிக அடர்ந்திருந்தால் 0.25 என்றும் வைக்கலாம் என்றார். அட்டவணையில் சேவியின் பத்தியைப் பாருங்கள்: 0.28, 0.28, 0.27. மழையும் மண்ணின் நிறமும் ஏறக்குறைய மறைந்துவிட்டன.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் அதே அட்டவணையின் முதல் இரண்டு வரிகள் வேறு கதை சொல்கின்றன. ஒரு செடிகூட இல்லாத நிலத்தில் என்டிவிஐ இரண்டு மண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. சேவியோ செம்மண்ணுக்குக் கரிசலைப்போல இரு மடங்கு அளவில் நிற்கிறது. அட்டவணையில் உள்ள மண் சரிக்கட்டிய குறியீடுகள் அனைத்துக்கும் இந்தக் குறை உண்டு. வெறும் நிலத்தின் எண்ணைக் கழித்துவிட்டால் சரியாகிவிடாதா என்று சிலர் கழிக்கிறார்கள். கழித்தால் 30 விழுக்காடு பயிருக்குக் கரிசலில் 0.21, செம்மண்ணில் 0.15 என்று வரும். ஒன்றாக இருந்த எண்களை நாமே பிரித்துவிடுகிறோம்.

ஆகவே கேட்கும் கேள்வியைப் பொறுத்துதான் தேர்வு. முளைத்ததா, முளைக்கவில்லையா என்பது கேள்வியானால் என்டிவிஐ போதும். வெறும் நிலத்தில் அது எங்கே நிற்கும் என்பது தெரிந்திருப்பதால், அதற்கு மேலே எழுந்தது எல்லாம் ஏதோ ஒரு பச்சை. களையாகவும் இருக்கலாம், அது வேறு தலைவலி. எவ்வளவு இலை இருக்கிறது, இந்த நிலத்தில் கூடுதலா அந்த நிலத்திலா என்பது கேள்வியானால் சேவி குடும்பத்துக்குப் போக வேண்டும். வெறும் நில எண் மண்ணுக்கு மண் சற்று மாறும். செம்மண்ணில் இரும்பு ஆக்சைடின் அளவும் அதை நகர்த்தும். புரட்டாசியில் விதைப்புக்கு முந்தைய தெளிவான படம் ஒன்றை எடுத்து ஒவ்வொரு நிலத்தின் என்டிவிஐயையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி சேவியின் உறவினர்கள். 1989 முதல் பிரான்சின் அவிஞ்ஞோன் ஆய்வாளர்கள் பாரேயும் கியூயோவும் முன்வைத்த டிசேவி, ஒவ்வொரு மண்ணுக்கும் தனியாக 'மண் கோடு' ஒன்றை வரையச் சொல்கிறது. வெறும் மண்ணின் சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால் அவை ஒரு கோட்டில் அமரும். அதன் சாய்வையும் வெட்டுத்துண்டையும் சூத்திரத்தில் இட வேண்டும். கோட்பாட்டளவில் எல்லாவற்றையும்விட அழகானது இதுதான். சித்திரை, வைகாசியில் தரிசாகக் கிடக்கும் நிலங்களிலிருந்து அந்தக் கோட்டை எடுக்கவும் முடியும். ஆனால் கரிசலுக்கு ஒரு கோடு, செம்மண்ணுக்கு ஒரு கோடு, தேரிக்கு ஒரு கோடு என்று வைத்து, செயற்கைக்கோள் படத்தின் எந்தப் புள்ளி எந்த மண் என்று வரைபடமும் போட்டாக வேண்டும். ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்கு வேண்டாம்.

எம்சேவி 1994-இல் வந்தது. 'எல்' என்ன என்று நாம் ஊகிக்கும் வேலையை அது ஒழித்துவிட்டது; பயிரின் அடர்த்திக்கு ஏற்பச் சூத்திரமே அதைச் சரிசெய்துகொள்ளும். நடைமுறையில் புழங்கும் வடிவம்: [2அ + 1 − √((2அ + 1)² − 8(அ − சி))] ÷ 2. மிரட்டும் தோற்றம்தான், கணினிக்கு ஒரு வரி. தொடக்க நிலைப் பயிருக்கு எம்சேவிதான் சிறந்தது என்று பல வழிகாட்டிகள் எழுதுகின்றன. என் கணக்கில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பயிர் 15 விழுக்காடு நிலத்தை மூடியிருக்கையில் இரண்டு மண்ணுக்கும் இடையே சேவியின் இடைவெளி 0.02, எம்சேவியினுடையது 0.03, 60 விழுக்காட்டில் இரண்டுக்கும் 0.02. மயிரிழை வித்தியாசம். அதே 15 விழுக்காட்டில் என்டிவிஐயின் இடைவெளி 0.10 என்பதோடு ஒப்பிட்டால், சேவியா எம்சேவியா என்ற சண்டை எவ்வளவு சிறியது என்பது புரியும்.

ஓசேவி 1996-இல் வந்தது. 'எல்' இருந்த இடத்தில் 0.16. நடுத்தர அடர்த்தியில், மண்ணின் நிறம் பெரிதாக மாறாத வயல்களில் நன்றாக வேலை செய்யும்; இலைப் பச்சையத்தைக் கணிக்கும் வேறொரு குறியீட்டோடு சேர்த்துத் தழைச்சத்து ஆய்வுகளிலும் பயன்படுத்துகிறார்கள். நம் இடத்துக்கு அந்த 0.16 போதாது. அட்டவணையில் 0.35, 0.33, 0.28 என்று அது பாதி வழியில் நின்றுவிடுவதைப் பார்க்கலாம். இதில் இன்னொரு எரிச்சல்: சிலர் விடையை 1.16-ஆல் பெருக்குகிறார்கள், சிலர் பெருக்குவதில்லை. இருவருடைய எண்களையும் ஒரே கோப்பில் ஒட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

உண்மையில் சேவிக்குப் போட்டி ஈவிஐ-2தான். முதலில் வந்த ஈவிஐ, நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவிக்காக உருவானது. காற்றிலுள்ள தூசியின் பாதிப்பைக் குறைக்க நீல ஒளியையும் கணக்கில் சேர்த்தது. மோடிஸ் தரும் 16 நாள் தொகுப்பில் என்டிவிஐயும் ஈவிஐயும் 250 மீட்டர் நுணுக்கத்தில் சேர்ந்தே கிடைக்கும். ஒரு புள்ளி பதினைந்து ஏக்கர் என்பதால், வட்டார அளவில் வறட்சியைப் பார்க்க உதவும். மூன்று ஏக்கர் மானாவாரிக்காரருக்கு அதில் இடமில்லை. 2008-இல் நீலத்தை விட்டுவிட்டு எழுதிய வடிவம் ஈவிஐ-2: 2.5 × (அ − சி) ÷ (அ + 2.4சி + 1). மண்ணை மறைப்பதில் சேவிக்குச் சமம். பயிர் மூடிய பிறகு அதைவிட மேல். பயிரின் அண்மை அகச்சிவப்பு 0.45-இலிருந்து 0.55-க்கு உயர்ந்து, சிவப்பு 0.035-க்கு இறங்கினால், என்டிவிஐ 0.84-இலிருந்து 0.88 வரைதான் நகர்கிறது, சேவி 0.62-இலிருந்து 0.71, ஈவிஐ-2 0.66-இலிருந்து 0.79. தளதளவென்று நிற்கும் மக்காச்சோளத்தில் நல்லதையும் மிக நல்லதையும் பிரிக்க வேண்டுமானால் என்டிவிஐ கைவிட்டுவிடும்.

என் தீர்ப்பு இது. மானாவாரி உளுந்து, பாசிப்பயறு, பருத்தி என்று பெரும்பகுதி நாள்கள் மண் தெரியும் பயிர்களே நிறுவனத்தின் கவலை என்றால், 'எல்' 0.5 வைத்த சேவி. மக்காச்சோளம் அதிகமென்றால், அல்லது மோடிஸின் இருபது ஆண்டுக்கும் மேலான வரலாற்றோடு வட்டார அளவில் ஒப்பிட வேண்டுமென்றால், ஈவிஐ-2. எதுவானாலும் பருவம் முழுவதும் ஒன்றையே வைத்துக்கொள்ள வேண்டும். என்டிவிஐயையும் பக்கத்தில் ஒரு பத்தியாகச் சேமிக்கலாம். முளைப்பைப் பார்க்க அது வேண்டும், காப்பீட்டுக்காரர்களும் அரசு அலுவலர்களும் பேசுவதும் பெரும்பாலும் அந்த மொழியில்தான்.

சேவியை எடுத்தவர்கள் செய்யும் ஒரு காரியத்தைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். பயிர் வளர வளர 'எல்' மதிப்பை 1, 0.5, 0.25 என்று மாற்றலாம் என ஹூயெட்டே சொல்லியிருக்கிறாரே என்று, கார்த்திகை முதல் தேதியில் 0.5-ஐ 0.25 ஆக்கிவிடுவார்கள். 60 விழுக்காடு மூடிய கரிசல் வயலில் அந்த ஒரு மாற்றமே எண்ணை 0.44-இலிருந்து 0.52-க்குத் தூக்கிவிடும். வரைகோட்டில் அது ஒரு வாரத்தில் வந்த அபார வளர்ச்சியாகத் தெரியும். உரம் போட்டவர் உரத்தைப் புகழ்வார். 'எல்' மாறித்தான் ஆக வேண்டும் என்று நினைப்பவர் எம்சேவிக்குப் போய்விடட்டும், அங்கே மாற்றம் சீராக நடக்கும்.

இதைவிட மோசமான பிழை அலகில் இருக்கிறது. என்டிவிஐ வெறும் விகிதம், எதிரொளிப்பை 0.08 என்று கொடுத்தாலும் 800 என்று கொடுத்தாலும் விடை ஒன்றே. சேவி அப்படியில்லை. சென்டினல்-2 கோப்புகளில் எதிரொளிப்பு பத்தாயிரத்தால் பெருக்கப்பட்ட முழு எண்ணாக இருக்கும். அதை வகுக்காமல் சூத்திரத்தில் போட்டால் 2,800-க்குப் பக்கத்தில் 0.5 என்ன செய்யும்? விடையாக வருவது என்டிவிஐயின் ஒன்றரை மடங்கு. மண் சரிக்கட்டல் துளியும் நடந்திருக்காது. தலைப்பில் மட்டும் சேவி என்று இருக்கும். வரைபடம் அழகாகத்தான் வரும், அதனால் யாரும் சந்தேகப்படுவதுமில்லை. 30 விழுக்காடு பயிருக்கு 0.77 என்று வந்தால் உடனே கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது 2022 சனவரி 25-இல் வந்த மாற்றம். அன்று முதல் புதிய முறையில் தயாரான சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு எண்ணோடும் 1,000 கூட்டப்பட்டிருக்கிறது. வகுக்கும் முன் கழித்துவிட வேண்டும். கழிக்க மறந்தால் என்டிவிஐகூடத் தப்பாது, நம் அட்டவணையின் 0.51 என்பது 0.30 ஆகிவிடும். பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுபவர்களுக்கு 2022-க்குப் பிறகு மாவட்டமே வறண்டுவிட்டதாகத் தோன்றும். கூகுள் எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' என்ற பெயரோடு வரும் தொகுப்பில் இதைச் சரிசெய்தே தருகிறார்கள். நேரடியாகப் பதிவிறக்குபவர்கள் தாங்களே கவனிக்க வேண்டும்.

மேக நிழலில் மட்டும் என்டிவிஐக்கு ஒரு சாதகம் உண்டு. நிழல் சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைத்தால் என்டிவிஐ அசையாது. சேவி அசையும்: இரண்டும் 40 விழுக்காடு மங்கினால் 0.28 என்பது 0.19 ஆகும். ஈவிஐ-2, எம்சேவி எல்லாம் இதே கட்சி. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் இல்லாத படம் அபூர்வம் என்பதால், வளிமண்டலத் திருத்தம் செய்த 2ஏ நிலைப் படத்தோடு வரும், ஒவ்வொரு புள்ளியும் மேகமா நிழலா நிலமா என்று சொல்லும் வகைப்பாட்டு அடுக்கைக் கொண்டு மேகத்தோடு நிழலையும் வெட்டியெறிய வேண்டும். மேகத்தை வெட்டிவிட்டு நிழலை விட்டுவிடுவது பரவலான பழக்கம். சேவிக்கு அது ஆகாது.

வரப்போரமும் ஒரு தொல்லை. சென்டினலின் ஒரு புள்ளி நூறு சதுர மீட்டர், நம் கணக்கில் இரண்டரை சென்ட். சதுரமான ஓர் ஏக்கரில் நாற்பது புள்ளிகள். ஓரத்துப் புள்ளிகளை விட்டால் உள்ளே பதினாறுதான் மிஞ்சும். ஆனாலும் விடத்தான் வேண்டும், ஏனென்றால் இந்தச் சீமையில் ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம். கோடையிலும் பச்சையாக நிற்கும் அதன் நிழலும் இலையும் புள்ளிக்குள் வந்துவிட்டால் எந்தக் குறியீடும் பயிரைத் தனியே பிரித்துக் காட்டாது. அரை ஏக்கருக்கும் குறைந்த துண்டுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே நேர்மை.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடும் உறுப்பினர்களும் இருந்தால் அவர்களை இந்த வரைபடத்தில் சேர்க்கக் கூடாது. நட்ட வயலில் செடிக்கு அடியில் இருப்பது மண்ணில்லை, நீர்; நீர் அண்மை அகச்சிவப்பை விழுங்கிவிடும் என்பதால் மண் கோட்டை நம்பி எழுதிய சூத்திரங்களுக்கு அங்கே அடிப்படையே இல்லை. நெல்லுக்கு மேகத்தை ஊடுருவும் ரேடார் படமே ஏற்றது. சென்டினல்-1 அதை இலவசமாகத் தருகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு ரைஸ் திட்டத்தில் சேர்ந்து நெல் பரப்பைக் கணித்ததும் ரேடாரை வைத்துத்தான். மானாவாரிக்கு ரேடாரைக் கொண்டுவந்தால், அங்கே மண்ணின் ஈரமும் உழவுச் சாலின் கரடுமுரடும் இலையைவிட உரக்கப் பேசும். விட்டுவந்த சிக்கலே வேறு வேடத்தில் வந்து நிற்கும். ஆகவே மேகம் மூடிய வாரங்களை வரைகோட்டில் வெற்றிடமாகவே விடுங்கள். முன்னும் பின்னும் உள்ள எண்களை இணைத்து வளைகோடு இழுக்கும் மென்பொருள் வசதியை அணைத்துவிட்டு, அந்த வாரங்களில் ஒவ்வொரு மண்ணுக்கும் நாலைந்து வயல்களில் கைப்பேசியை நேர்கீழாகப் பிடித்துப் படமெடுத்து வரச் சொல்லுங்கள். படத்தில் பச்சை எத்தனை விழுக்காடு என்று எண்ணி, அடுத்த தெளிந்த நாளின் சேவியோடு வைத்துப் பார்த்தால், 0.28 என்பது உங்கள் ஊர் உளுந்தில் எவ்வளவு இலை என்பது முதல் பருவத்திலேயே தெரிந்துவிடும்.